இரண்டு கோவை

சில வாரங்களுக்கு முன் நமது காரியாலயத்தில் நேர்ந்த ஒரு சம்பவத்தை வாசகர்களிடம் ஒளிக்காமற் சொல்லிவிடுவது நமது கடமையாகும். அவிநாசிப் பக்கத்திலிருந்து ஓர் உபாத்தியாயர், இப்பத்திரிகையில் வெளியான செய்தியொன்று தவறென்று தக்க ஆதாரங்களுடன் மறுப்பெழுதி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். பதினொரு நாளாகியும் அது பிரசுரமாகவில்லை. பெற்றுக்கொண்டோம் என்ற பதிலும் போகவில்லை. பிறருடைய நியாயத்துக்குப் பரிந்து பேசுகிற பத்திரிகை, தன் பிழையைச் சுட்டும் கடிதத்தை மட்டும் குப்பையிற் போடுமோ என்று அவர் நேரில் வந்து வினவியபோது நாம் தலை குனிய நேர்ந்தது. நாம் எதையும் குப்பையிற் போடவில்லை என்று சொன்னோம். அவர் நம்பினாரென்று தோன்றவில்லை. அவருடைய இடத்தில் நாம் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம்.

தேடிப் பார்த்ததில் விஷயம் வெளியாயிற்று. ஜில்லாச் செய்திகளுக்கென்று ‘கோவை’ என்ற பெயரில் ஒரு கோப்புறையை நாம் வைத்திருக்கிறோம். சர்வரில் ஒரு பிரதியும், காரியாலயத்துக் கம்ப்யூட்டர்களில் ஒவ்வொரு பிரதியுமாக அது இருக்கும். இவற்றை ஒன்றுக்கொன்று ஒத்திருக்கச் செய்வதற்கென்றே ஒரு நிரல் கால் மணிக்கொரு தரம் ஓடுகிறது. எப்படியோ சர்வரில் இரண்டு ‘கோவை’ முளைத்துவிட்டன. உதவியாசிரியர் ஒன்றைப் பார்த்துவர, கடிதங்களிற் சில மற்றொன்றில் விழுந்துகொண்டிருந்தன. ஒரு நாள் அவர் இரண்டாவதைக் கண்டு, வேண்டாத நகலென்று எண்ணி அழித்துவிட்டார். நிரலும், இட்ட கட்டளையைத் தட்டாத வேலைக்காரனைப்போல், மற்ற யந்திரங்களிலும் அதனை அழித்துத் தன் கடமையைச் செவ்வனே முடித்தது! வாரந்தோறும் தனியே எடுத்து வைக்கும் நகலொன்று இல்லாதிருந்தால் உபாத்தியாயரின் கடிதம் போனது போனதுதான்.

நமது அச்சுக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் இளைஞர் கோவைக் கல்லூரியொன்றிற் படித்தவர். இரண்டு இரவுகள் விழித்திருந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். மூன்றாம் நாட் காலையில் நம்மிடம் வந்து, “ஐயா, ‘கோ’ என்பது எத்தனை எழுத்து?” என்று கேட்டார். ஓர் எழுத்து என்பதைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லுமே என்றோம். “யந்திரத்துக்கு அது இரண்டாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம்” என்றார் அவர்.

இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கம்ப்யூட்டரில் தமிழ் இப்போது யூனிகோட் முறையில் எழுதப்படுகிறது. அம்முறையில் ‘கோ’ என்பதை ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என இரண்டு எண்களால் எழுதலாம். அல்லது ககரம், முன்னால் வரும் இரட்டைச் சுழிக் கொம்பு, பின்னால் வரும் கால் என மூன்று எண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, அச்சில் ஒன்றே, கண்ணுக்கு எள்ளளவும் பேதமில்லை. இரண்டும் சமமென்றே யூனிகோட் விதியும் கூறுகிறது. ஆனால் சில யந்திரங்கள் கோப்புறைக்குப் பெயரிடும்போது சேர்ந்திருக்கும் குறியைப் பிரித்து எழுதி வைக்கும் வழக்கமுடையவை. சர்வர்களோ பெரும்பாலும் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். இடையில் நிற்கும் நிரல் எண்ணுக்கு எண் ஒத்துப் பார்க்கிறது. ‘இங்குள்ள கோவை அங்கே இல்லை’ என்று முடிவு செய்து, அங்கேயும் ஒன்றை உண்டாக்கிவிடுகிறது. நாம் உபயோகித்த நிரலின் பெயரையோ யந்திரத்தின் பெயரையோ இங்கே குறிக்கவில்லை. ஒருவரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று.

ஒகர ஓகாரக் குறி கலந்த பெயர்களுக்கெல்லாம் இந்த அபாயம் உண்டு. ஆகவே ஈரோடும் பொள்ளாச்சியும் கோபிசெட்டிபாளையமும், ஏன், கொங்கு என்ற சொல்லுமே, இரண்டாகப் பிளக்கக்கூடியவை. திருப்பூரும் கரூரும் நாமக்கல்லும் தப்பின. இதில் ஒரு விநோதம் பாருங்கள். 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23 முதல் 27 வரை இதே கோவையில்தான் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடிற்று. தமிழ் இணைய மாநாடும் உடன் நடந்தது. தமிழ்நாட்டுச் சர்க்கார் யூனிகோடைத் தமிழுக்குரிய முறையாக ஏற்று உத்தரவிட்டதும் அந்நாட்களிலேதான். உத்தரவு நல்லதே. ஆனால் ‘கோவை’ என்ற அவ்வூரின் பெயரே ஒரு நிரலின் கண்ணுக்கு இரண்டாகத் தோன்றுமா என்று உட்கார்ந்து சோதித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

கடிதப் பெட்டிகளை ஒத்திசைக்கும் வேலை வெளிக்கு எளிதாகத் தோன்றும். இங்கே இருப்பதை அங்கே போடு, அங்கே இருப்பதை இங்கே போடு என்பதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நாமும் நினைத்திருந்தோம். நிற்க. இரண்டு பெட்டிகள் உள்ளன. ஒரு கடிதம் இங்கே இருக்கிறது, அங்கே இல்லை. இங்கே புதிதாக வந்ததா? அன்றி அங்கே அழிக்கப்பட்டதா? முன்னதாயின் அங்கே சேர்க்கவேண்டும். பின்னதாயின் இங்கும் அழிக்கவேண்டும். இரண்டு பெட்டிகளையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. சென்ற தடவை இரண்டும் எப்படியிருந்தன என்று குறித்துவைத்த மூன்றாவது கணக்கேடு ஒன்று வேண்டும். மண்டிக்கடைக் கணக்குப்பிள்ளைக்கு இது தெரிந்த சங்கதி. சரக்கிருப்பும் ரொக்கமும் மட்டும் பார்த்து, களவு போயிற்றா விற்பனையாயிற்றா என்று அவர் சொல்லமாட்டார். பேரேட்டைக் கொண்டுவா என்பார்.

அந்த ஏட்டில் ஒவ்வொரு கடிதத்துக்கும் சர்வர் கொடுத்த எண் பதியப்படும். இந்த எண்ணுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பெட்டி முழுமைக்கும் சர்வர் ஒரு செல்லுபடி எண்ணைக் கொடுக்கிறது. சர்வரைப் புதுப்பித்தாலோ, பெட்டியை வேறிடத்துக்கு மாற்றினாலோ அச்செல்லுபடி எண் மாறக்கூடும். மாறினால், அதுவரை குறித்த எண்கள் யாவும் செல்லாக் காசாகும். அவசரப்பட்டு எழுதிய நிரல் இதைக் கவனியாது. பழைய கடிதங்களெல்லாம் அழிந்தன, ஆயிரம் புதிய கடிதங்கள் வந்தன என்று கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாக ஆக்கிவைக்கும். அல்லது இருப்பதையும் துடைத்துவிடும். ஒத்திசைப்பு நடுவில் நிற்கும்போது மின்சாரம் போனாலும் இதே கதி நேரலாம். 2012ஆம் வருஷத்து மின்வெட்டை மறவாத கொங்கு நாட்டாருக்கு இதை வற்புறுத்திச் சொல்லவேண்டுவதில்லை.

இத்தொல்லைகளுக்கு மூலமான விதிமுறைக்கு ஐமேப் என்று பெயர். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையிலிருந்த மார்க் கிரிஸ்பின் 1986ல் அதை வகுத்தார். அவர் 2012ல் காலமானார். அவர் வகுத்த முறையில், பின்னர் வந்த திருத்தங்களுடன், இன்றும் கோடிக்கணக்கான கடிதங்கள் நடமாடுகின்றன. அவ்விதி ஆங்கில எழுத்தையே மனத்திற் கொண்டு பிறந்ததாகையால், தமிழ்ப் பெயர்கள் ஒரு விசித்திரமான மாற்றெழுத்தில் சுற்றி அனுப்பப்பட்டு வந்தன. பிரித்துப் படிக்கத் தெரியாத நிரலில் ‘கோவை’ என்பது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் காட்சியளிக்கும். 2021ல் வெளியான புதிய விதி எம்மொழிப் பெயரையும் நேரே யூனிகோடில் எழுத இடங்கொடுக்கிறது. குறிகளைச் சேர்த்தெழுதும் வடிவமே தக்கதென்றும் கொள்கிறது. ஆனால் பழைய விதியின்படி ஓடும் சர்வர்கள் உலகெங்கும் இன்னும் ஏராளம்.

ஒத்திசைக்கும் நிரல்களைச் செய்தோர் பெருங் கம்பெனிகள் அல்லர் என்பதை அறிந்தபோது நமக்கு ஆச்சரியமே உண்டாயிற்று. மட் என்னும் கடித நிரலை ஆக்கிய மைக்கேல் எல்கின்ஸ் 2000ஆம் ஆண்டுவாக்கில் ஐசிங்க் என்பதைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஆஸ்வால்ட் புட்டன்ஹாகன் என்பவர் அதை ஏற்று, இன்று எம்பிசிங்க் என வழங்கும் நிரலாகப் பேணி வருகிறார். ஜான் கோர்சன் என்ற அமெரிக்கர் 2002ல் ஆஃப்லைன்ஐமேப் என்பதை எழுதினார். அது பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்டது. அப்பதிப்புக்கு ஆதரவு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு முடிந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல் காலடி மண் சரிந்தாற்போல் நின்றது. மூன்றாம் பதிப்புக்கு அதைக் கொண்டுவந்தவர் வேறொருவர். இவையெல்லாம் விலையின்றிக் கிடைப்பவை. எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். திருத்துகிறவர்கள்தான் ஒருசிலராயிருக்கிறார்கள்.

பழுது பார்த்தல் என்பது இத்துறையில் எத்தன்மையது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2021ல் எம்பிசிங்க்கில் ஒரு துவாரம் வெளிப்பட்டது. கோப்புறைகளின் பெயரைச் சர்வர் சொல்ல, நிரல் அதே பெயரில் நமது யந்திரத்தில் இடம் ஒதுக்கும். கம்ப்யூட்டர் பாஷையில் இரண்டு புள்ளிகள் சேர்ந்திருந்தால் ‘ஒரு படி மேலே போ’ என்று அர்த்தம். கெட்ட எண்ணமுள்ள சர்வர் பெயருக்குள்ளே அந்தப் புள்ளிகளை நுழைத்தால், நிரல் தனக்குரிய பெட்டியை விட்டு வெளியேறி, மற்ற கோப்புக்களிற் கை வைத்துவிடும். சர்வர் சொல்லும் பெயரை நம்பாதே, சோதித்துப் பார் என்று சில வரிகள் சேர்த்து அதனை அடைத்தார்கள். அந்நிரலைச் சோதிக்கும் முறையும் அறியத்தக்கது. ஒவ்வொரு செய்கையையும் ஒரு தினக்குறிப்பில் எழுதிக்கொண்டே போகும்படி அது அமைந்திருக்கிறது. சோதனையின்போது வேலையை வேண்டுமென்றே நடுநடுவே முறித்து, குறிப்பைக் கொண்டு விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர்கிறதா என்று பார்க்கிறார்கள். இதுவன்றோ பொறுப்பு!

அப்படியானால் அவர்களே நமது ‘கோவை’யையும் கவனித்துக்கொள்ள மாட்டார்களா என்று சிலர் கேட்கலாம். ஜெர்மனியில் எவரும் தம் கோப்புறைக்குப் பொள்ளாச்சி என்று பெயரிடுவதில்லை. ஒரே எழுத்து இருவிதமாக எழுதப்படும் தகராறு ஐரோப்பிய மொழிகளின் குறியெழுத்துக்களிலும் உண்டு. கிட் என்னும் கருவியில் 2012லேயே இதற்குப் பரிகாரம் சேர்த்தார்கள். ஆனால் ஒவ்வொரு நிரலிலும் எவருக்கு இடர் நேர்ந்ததோ அவர் சொன்னால்தான் அங்கே நிவர்த்தி பிறக்கிறது. நாமோ, இடர் நேர்ந்தால் கோப்புறையின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு வாளாவிருக்கிறோம். நமது காரியாலயத்திலும் முதலில் கூறப்பட்ட யோசனை அதுவே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இது ஏதோ பத்திரிகாலயத்துச் சில்லறை விவகாரமென்று தள்ளுவதற்கில்லை. வக்கீல் தொழிலிற் பழகிய நமக்கு இதன் வேறொரு பக்கமும் தெரிகிறது. திருப்பூர்ப் பின்னலாடை வியாபாரி ஒருவருக்கும் அயல்நாட்டு வாங்குவோருக்கும் வழக்கு நேர்ந்தால், பிரதான சாட்சியம் மின்னஞ்சலே. மாதிரித் துணி ஒப்புக்கொள்ளப்பட்டது எந்தத் தேதியில் என்பதிலேயே பல லட்சம் ரூபாய் தொங்கும். மூலத்தைக் கொண்டுவராமல் நகலைக் காட்டுவதானால் உரிய சான்றிதழ் அவசியமென்று சுப்ரீம் கோர்ட்டு 2020ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63வது பிரிவோ, சான்றிதழுடன் அந்த மின் ஆவணத்தின் ஹாஷ் என்னும் அடையாள எண்ணையும் கேட்கிறது. ஆவணத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அவ்வெண் அடியோடு மாறிவிடும். எம்பிசிங்க் முதலிய சில நிரல்கள், கடிதத்தை நகல் செய்யும்போது தமது சௌகரியத்துக்காகத் தலைப்பில் ஓர் அடையாள வரியைச் சேர்க்கின்றன. கெடுதலான எண்ணம் ஒன்றுமில்லை. எனினும் சர்வரிலுள்ள பிரதிக்கும் கையிலுள்ள பிரதிக்கும் அடையாள எண் வேறாகிவிடும். மற்றொன்று, கடிதம் பெட்டிக்கு வந்து சேர்ந்த தேதியை உடன் கொண்டுவரும்படி தனியே கட்டளையிட வேண்டும். மறந்தால், மூன்று வருஷத்துக் கடிதங்கள் யாவும் ஒரே நாளில் வந்தனவாகத் தோற்றமளிக்கும். குறுக்கு விசாரணையில் எதிர்க்கக்ஷி வக்கீலுக்கு இதைவிடச் சிறந்த விருந்து வேண்டுமா? நிரலை அறிந்தவர் ஒருவர் அருகிலிருந்தால் இவ்விரண்டுக்கும் முன்கூட்டியே வழி செய்யலாம்.

சர்வரிலேயே கடிதம் இருக்கிறதே, கையிற் பிரதி எதற்கு என்பாரும் உளர். 2025 ஜூலையில் நடந்ததை அவர்கள் நினைக்கட்டும். ஐரோப்பிய யூனியன் விதித்த தடையைத் தொடர்ந்து, நமது நாட்டில் எண்ணெய் சுத்திகரிப்பாலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி மின்னஞ்சல் முதலிய வசதிகளை நிறுத்தியது. டெல்லி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடரப்பட்டது; சில தினங்களில் வசதி மீண்டது. நயாராவில் ரஷ்யருக்குப் பங்கு உண்டென்பது வேறு விஷயம். இந்திய மண்ணில் இந்தியச் சட்டப்படி நடக்கும் ஒரு தொழிற்சாலையின் கடிதப் பெட்டிக்கு வேறொரு கண்டத்தில் பூட்டுப் போடக்கூடும் என்பதே நாம் கவனிக்கவேண்டியது. கையில் ஒத்திசைத்த பிரதி உள்ளவன் அன்றும் தன் பழைய கடிதங்களைப் படித்துக்கொண்டிருப்பான்.

அதே வருஷத்தில், மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் சுமார் 12 லட்சம் பேருடைய மின்னஞ்சல், நமது தமிழ்நாட்டிலே வளர்ந்த ஜோஹோ கம்பெனி அமைத்த ஏற்பாட்டுக்கு மாறியதாகச் செய்தி வந்தபோது நாமும் மகிழ்ந்தோம். 1996ல் சிறிதாகத் தொடங்கி, 2008 முதல் மின்னஞ்சல் வசதியும் அளித்துவரும் கம்பெனி அது. ஆயினும் ஒன்று சொல்வோம். பெட்டிக்கு உடையவன் சுதேசியாவது பாதிக் காரியம். பெட்டி கோணினால் திறந்து நிமிர்த்தும் கை நம்மிடையே இருப்பது மறுபாதி. வாங்குவதில் மட்டும் சுதேசியம் காட்டிப் பழுது பார்ப்பதைப் பிறருக்கு விட்டுவிடுவதைக் கொங்கு நாடு ஒருபோதும் ஏற்றதில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்தபோது, கவலை ஓட்டிய கிணறுகளில் அன்னிய நாட்டு மோட்டார்கள் ஏறின. 1937லேயே பீளமேட்டில் மோட்டார் செய்தார்கள். செய்வதற்கு முன்னே, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றார்கள். இன்றும் எந்தச் சந்தைப்பேட்டையிலும் காயில் கட்டுகிறவர் ஒருவர் இருப்பார். கம்பெனிக்காரன் வரட்டும் என்று எவரும் பயிரைக் காயவிடுவதில்லை.

1945லும் 1951லும் 1956லும் பொறியியற் கல்லூரிகளைக் கண்ட ஊர் இது. 2010 முதல் விளாங்குறிச்சியில் டைடல் பூங்காவும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து அயல்நாட்டாரின் நிரல்களைப் பழுது பார்த்துக் கொடுக்கும் நம் பிள்ளைகளுக்குத் திறமை குறைவென்று எவரும் சொல்லமாட்டார். ஒரு கல்லூரி ஒரு வகுப்புக்கு ஒரு நிரலை எடுத்துக்கொண்டு, கோவை, ஈரோடு, பொள்ளாச்சி என்ற பெயர்களில் இரண்டு வடிவிலும் பெட்டிகள் அமைத்து, எங்கே பிளக்கிறது என்று பார்க்கட்டும். பிளந்த இடத்தைக் குறித்து, நிரலைப் பேணுவோருக்குத் திருத்தத்துடன் எழுதட்டும். பணம் செலவாவதில்லை. பரீக்ஷைக்கு மார்க்குக் கொடுக்கப் பல்கலைக்கழகம் இசைந்தால் வேறொன்றும் வேண்டாம்.

நமது இளைஞர் செய்த திருத்தம் மிகச் சிறியது. பெயர்களை ஒத்துப் பார்க்குமுன் இரண்டையும் சேர்த்தெழுதும் வடிவுக்குக் கொண்டுவரும் சில வரிகளும், அதைச் சோதிக்கும் சில வரிகளுமே. நிரலைப் பேணுகிற அன்பர் மறுநாளே பதிலெழுதினார். இரண்டு வடிவிலும் முன்னரே தனித்தனிப் பெட்டிகள் வைத்திருப்பவனுடைய கடிதங்கள் இத்திருத்தத்தால் ஒன்றன்மேலொன்று விழுந்து கலந்துவிடாதா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நமது இளைஞருக்கு அது தோன்றியிருக்கவில்லை. இப்போது அதற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார். இரவில் அச்சுக்கூடத்து விளக்கு அணைவதில்லை என்று காவற்காரர் நம்மிடம் முறையிடுகிறார்.

அவிநாசி உபாத்தியாயரின் மறுப்பு இன்றைய இதழில் நான்காம் பக்கத்தில் முழுமையாக வெளியாகிறது. அவர் சொன்னதே சரி. நாம் வெளியிட்ட செய்திதான் தவறு.